அரியலூர் பாறை அடுக்குகளை மேற்கிலிருந்து கிழக்காக நடந்து படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரியலூர், பெரம்பலூர் பக்கம் புதைபடிவம் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது 'அங்கே என்ன கிடைக்கும்?' என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: 'நான் நிற்பது எந்த அடுக்கு?' இது தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்க வாய்ப்பே இல்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுக்கு தெரியாமல் எடுத்துவந்த கல், எவ்வளவு அழகான அம்மோனைட்டாக (சுருண்ட ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர்) இருந்தாலும், அறிவியலுக்குப் பெரிதாக உதவாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பிலும் செய்திகளிலும் ஒரே பரபரப்பு. நிபுணர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டை இல்லை, அம்மோனைட்டோடு சேர்ந்து இறுகிய படிவு உருண்டைகள் என்று சொன்னார்கள். குன்னத்தைச் சுற்றியுள்ள அடுக்குகள் கடலடியில் படிந்தவை, டைனோசர் முட்டையிட்டதோ தரையில். இது ஒன்று தெரிந்திருந்தால் கல்லைத் தொடுவதற்கு முன்பே சந்தேகம் வந்திருக்கும். மாறாக, 2009இல் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தது கிழக்கே செந்துறைப் பக்கம். கடல் பின்வாங்கி ஆறுகள் மண் கொட்டிய காலத்து அடுக்குகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதலில் நிலத்தின் சாய்வைப் புரிந்துகொள்ளுங்கள்

படிவுப்பாறை என்றால் மணல், சேறு, சிப்பி ஓடு, சுண்ணாம்பு எல்லாம் நீரடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மேலே வந்த சுமையால் அழுந்தி, துகள்களுக்கு நடுவே தாதுக்கள் புகுந்து ஒட்டி, கல்லாக மாறியது. அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இல் எழுதிவைத்த இந்த விதிதான் இன்றைக்கும் அடிப்படை. அவர் சொன்ன இன்னொன்றும் நமக்கு வேண்டும்: படியும்போது அடுக்குகள் ஏறக்குறையக் கிடையாகத்தான் படியும். ஆகவே இன்று சாய்ந்திருந்தால், படிந்த பிறகு ஏதோ அவற்றைச் சாய்த்திருக்கிறது.

அரியலூர்ப் பக்கம் பெரிய செங்குத்துப் பள்ளத்தாக்கு எதுவும் கிடையாது. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் சோளமும் பருத்தியும் நிற்கும் தட்டையான நிலம்தான் தெரியும், இங்கே என்ன அடுக்கு என்று தோன்றும். விஷயம் என்னவென்றால், இந்த அடுக்குகள் கிழக்கு நோக்கி மிக மெதுவாகச் சாய்ந்திருக்கின்றன, பல இடங்களில் 5 முதல் 10 பாகைதான். மேஜைமேல் அடுக்கிய நோட்டுப் புத்தகங்களைக் கிழக்கே சாயும்படி வைத்து, மேல்பக்கத்தைக் கிடையாக ஒரே வெட்டாக வெட்டினால் ஒவ்வொரு புத்தகத்தின் விளிம்பும் மேலே வரிசையாகத் தெரியும் அல்லவா, நிலம் அப்படித்தான் இருக்கிறது. மேற்கு ஓரத்தில் அடிப்புத்தகம், கிழக்கே போகப் போக மேல்புத்தகங்கள். எனவே இங்கே காலத்தில் முன்னேற மலை ஏற வேண்டியதில்லை, கிழக்கே நடந்தால் போதும்.

இதெல்லாம் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு. கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து இந்தியா பிரிந்தபோது இந்தப் பக்கம் நிலம் பிளந்து இறங்கியது, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது, பின்னால் கிரெட்டேசியஸ் காலம் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம், 6.6 கோடி ஆண்டுக்கு முன் முடிந்தது) முழுக்க, கடல் ஏறியும் இறங்கியும் மண் கொட்டிக்கொண்டே இருந்தது. 1862இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், டிரிச்சினாபலி, அரியலூர். 160 ஆண்டு கழித்தும் அந்தப் பிரிவு நிற்கிறது. (இதே பிளான்ஃபோர்டுதான் 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்கும் முதல் தலைவர். கல்லையும் மேகத்தையும் ஒரே ஆள் படித்த காலம் அது.)

வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இது இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். அடியில் கடும்பாறை. அதன்மேல் ஊட்டத்தூர் தொகுதி, ஏறக்குறைய 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டு வரை. அப்புறம் டிரிச்சினாபலி தொகுதி, 9 கோடியை ஒட்டித் தொடங்கி 8½ கோடிக்குச் சற்றுப் பின்பு வரை. அதன்மேல் அரியலூர் தொகுதி, 6.6 கோடி வரை. அதற்கும் மேலே நின்னியூர் அடுக்கு, டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது. எல்லாவற்றையும் கிழக்கே மூடிக்கொண்டு கடலூர் மணற்கல்லும் செம்மண்ணும்.

வரைபடமும் பையும்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் புவியியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டப் பகுதியைத் திறந்து, நிறம் மாறும் கோடுகள் எந்த ஊர்ப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடாலூர், ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம், கருடமங்கலம், சாத்தனூர், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், நின்னியூர்: இந்தப் பெயர்களைக் கைபேசி வரைபடத்தில் குறித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இவற்றில் பல பாறை அடுக்குகளின் அதிகாரப்பூர்வப் பெயர்களும்கூட. உலகத்தில் எங்கோ உட்கார்ந்து கிரெட்டேசியஸ் அம்மோனைட் படிக்கிறவருக்கு நம்ம காரையும் கல்லங்குறிச்சியும் தெரியும் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம்.

பையில் வேண்டியது அதிகமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், அளவுநாடா, கட்டம் போட்ட நோட்டு, பென்சில், திசைகாட்டி (கைபேசியில் சாய்வளக்கும் செயலியே போதும்), தண்ணீர், தொப்பி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப்புட்டியில் இருந்தால் மிகவும் உதவும், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 10 விழுக்காடு என்று கேட்டு வாங்குங்கள், கழிப்பறை கழுவும் ஆசிடைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சுண்ணாம்பு உள்ள கல்லில் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அமிலம் கிடைக்கவில்லையென்றால் கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், மெதுவாகக் குமிழி வரும். சுத்தியல் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் வேண்டாம். சுத்தியல் கையில் இருந்தால் பார்ப்பதற்கு முன்பே அடிக்கத் தோன்றும்.

போகவேண்டிய காலம் ஜனவரி, பிப்ரவரி. மழை அடங்கி, அறுவடை முடிந்து, ஓடைக்கரைகள் புதிதாகக் கழுவப்பட்டு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காரைக் களிமண்ணில் கால் வைத்தால் செருப்பு திரும்ப வராது. சித்திரை வெயிலில் அங்கே நிழலுக்கு ஒரு மரம்கூட இருக்காது. ஓடை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய காட்டு வழியாகத்தான் போகும், வரப்பில் நிற்கும் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். 'அண்ணே, ஓடையில கல்லு பாக்கணும்' என்றால் பெரும்பாலும் அவரே கூட வந்து இடம் காட்டுவார், எந்த மழைக்கு எந்தக் கரை சரிந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

மேற்கு ஓரத்தில் தொடங்குங்கள்

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கிக் கிழக்கே ஊட்டத்தூர்ப் பக்கம் போனால் கொஞ்ச தூரத்திலேயே பாறை மாறிவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டு வரும் குன்றுகள் எல்லாம் கடும்பாறை, திருச்சி மலைக்கோட்டை எந்த வகைப் பாறையோ அந்த வகை. அதைத் தாண்டியதும் நிலம் மெத்தென்று ஆகும். கடும்பாறை முடிந்து படிவுப்பாறை தொடங்கும் இந்த விளிம்பை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. அதுதான் பழைய கடற்கரை. எல்லை ஓரத்தில் சில இடங்களில் கடும்பாறை உருண்டைகள் படிவுக்குள் புதைந்து கிடக்கும். அவை கரையிலிருந்து உருண்டு கடலுக்குள் விழுந்த கற்கள்.

தெற்கே கல்லக்குடிப் பக்கம் இதே விளிம்பில் பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது. தெளிந்த, ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் அங்கே இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சிமென்ட் ஆலை அங்கே வந்ததற்குக் காரணமே அந்த அடுக்குதான், ஆலை வந்ததால் ஊர் டால்மியாபுரம் ஆனது, 1953இல் அந்தப் பெயரை எதிர்த்து நடந்த போராட்டம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஊர் மறுபடி கல்லக்குடி ஆகிவிட்டாலும், பாறை அடுக்கின் பெயர் இன்னமும் டால்மியாபுரம் என்றே புவியியல் நூல்களில் இருக்கிறது.

காரையில் அதிக நேரம் செலவிடுங்கள்

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் காரைக்குப் போங்கள். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே களிமண் நிலம் மழையால் அரிக்கப்பட்டுப் புல்லே முளைக்காத மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. புவியியல் ஆய்வுத் துறை இதைப் புவிப் பாரம்பரிய இடமாக அறிவித்திருக்கிறது. ஊட்டத்தூர் தொகுதியின் பெரும்பகுதி இந்தக் காரை அடுக்குதான், நூற்றுக்கணக்கான மீட்டர் கனம்.

அங்கே போனதும் குனிந்து பொறுக்க ஆரம்பிக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் எட்டி நின்று பாருங்கள். எதிர்க்கரையில் நிறம் எங்கே மாறுகிறது, எந்தப் பட்டை துருத்திக்கொண்டு நிற்கிறது, எது உள்வாங்கி இருக்கிறது? துருத்துவது பெரும்பாலும் மணலோ சுண்ணாம்போ சேர்ந்து இறுகிய பட்டை, உள்வாங்கியது களி. இதை அப்படியே நோட்டில் கோடு கோடாக வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, படம் வரைந்தால்தான் கண் நிற்கும். கைபேசிப் படம் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுக்கும், நீங்கள் வரையும்போது எது எல்லை என்று முடிவு செய்தாக வேண்டும்.

அப்புறம் கிட்டப் போய் அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு பட்டையாக எழுதுங்கள். கனம் எவ்வளவு (நாடாவை அடுக்குக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள், தரைக்குச் செங்குத்தாக அல்ல). நிறம் என்ன, அதுவும் வெளித்தோலின் நிறம் அல்ல, ஒரு விரல்கடை சுரண்டிவிட்டு உள்ளே இருக்கும் நிறம், ஏனென்றால் வெயிலும் மழையும் பட்ட மேல்பரப்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிப்போய், உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும். துகள் எவ்வளவு பெரிது: கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தால் மணல், தெரியாமல் பல்லில் வைத்தால் நறநறத்தால் வண்டல், நறநறக்காமல் வழுவழுவென்று போனால் களி. பல்லில் வைப்பதா என்று யோசிக்காதீர்கள், களப் புவியியலாளர்கள் காலங்காலமாகச் செய்வது இது, ஊசி முனையளவு போதும். அமிலம் பொங்குகிறதா. மேலும் கீழும் எல்லை வெட்டினாற்போல் இருக்கிறதா, மெல்ல மெல்ல மாறுகிறதா. கடைசியாகத்தான் புதைபடிவம்.

துகளை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. களித்துகள் அலை அடிக்கும் இடத்தில் தங்காது, அமைதியான நீரில்தான் இறங்கும். எனவே நூற்றுக்கணக்கான மீட்டர் களி என்றால், அலை எட்டாத ஆழத்தில் கடல் நெடுங்காலம் இருந்தது என்று அர்த்தம். உலகம் முழுவதும் கடல் மட்டம் மிக உயர்ந்து நின்ற காலமும் அதுதான்.

காரையில் கண்ணில் படுபவை: விரல் மாதிரி நீண்டு ஒரு முனை கூர்த்த பெலம்னைட்கள், கணவாய் மீனுக்கு உறவான உயிரின் உள் ஓடு. உடைந்த முனையை லென்ஸில் பார்த்தால் நடுவிலிருந்து வெளியே விரியும் படிகக் கம்பிகள் தெரியும், அமிலம் விட்டால் பொங்கும். அப்புறம் பாஸ்பேட் உருண்டைகள், சுருண்ட புழுக்குழாய்கள், அம்மோனைட் துண்டுகள். புழுக்குழாயை அம்மோனைட் என்று நினைத்துவிடுவது புதியவர்களுக்கு வழக்கம். அம்மோனைட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருக்கும், மேல் ஓடு உதிர்ந்த இடத்தில் அந்தத் தடுப்புகளின் விளிம்பு நெளிந்து நெளிந்து செடி இலை விளிம்பு மாதிரி தெரியும். புழுக்குழாயில் அது இருக்காது. வைணவர் வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் பெரும்பாலும் அம்மோனைட் படிவம்தான், ஆனால் அது நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைப்பது, காரைக் களியைவிட மூத்த ஜுராசிக் அடுக்குகளிலிருந்து வருவது.

இரண்டு விஷயத்தில் இங்கே கவனம் வேண்டும். ஒன்று, ஜிப்சம். காரைக் களி முழுக்கக் கண்ணாடி போல மின்னும் ஜிப்சம் தகடுகள் கிடக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும், சுண்ணாம்புப் படிகமான கால்சைட்டில் விழாது, அப்படித்தான் பிரித்தறிய வேண்டும். இந்த ஜிப்சம் பல இடங்களில் அடுக்குக்கு இணையாக ஓடுவதால் அதுவும் ஓர் அடுக்கு என்று தோன்றும். கூர்ந்து பாருங்கள், கொஞ்ச தூரத்தில் அது மேலேறி அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். களி படிந்து வெகுகாலம் கழித்து விரிசல்களில் நீர் கொண்டுவந்து நிரப்பியது அது. வெட்டுவது எப்போதும் வெட்டுப்படுவதைவிட இளையது. இந்த ஒரு விதியைக் காரையிலேயே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, உருண்டு வந்த கல். சரிவின் அடியில் கிடக்கும் பெலம்னைட் மேலே எந்தப் பட்டையிலிருந்து வந்தது என்று தெரியாது. கல்லுக்குள் பதிந்தே இருப்பதை மட்டும் 'அடுக்கில்' என்று எழுதுங்கள், தரையில் கிடப்பதைத் 'தளர்ந்தது' என்று தனியாக எழுதுங்கள். ஆனால் தளர்ந்ததை ஒதுக்கிவிடவும் வேண்டாம்: சரிவில் மேலே ஏறிக்கொண்டே போய், எந்த உயரத்துக்கு மேல் அது கிடைக்கவில்லை என்று பாருங்கள், பெரும்பாலும் அதன் அடுக்கு அந்த உயரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

சாய்வை அளந்து கனத்தைக் கணக்கிடுவது

ஓடையில் அடுக்கின் மேல்தளம் தட்டையாக வெளியே தெரிகிற இடம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் ஓடும் திசைதான் சாய்வுத் திசை. அந்தத் திசையில் கைபேசியை வைத்து எத்தனை பாகை என்று குறியுங்கள். நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள், ஒரே இடத்து அளவை நம்பாதீர்கள், கரை சரிந்து புரண்டு கிடந்தால் சாய்வு தவறாக வரும்.

இப்போது ஒரு அடுக்கு மேற்கே எங்கே தொடங்கிக் கிழக்கே எங்கே முடிகிறது என்று சாய்வுத் திசையிலேயே நடந்து தூரத்தைப் பார்த்துவிட்டால், கனம் வந்துவிடும். சமதளத்தில் 1 கிலோமீட்டர் அகலம், சாய்வு 5 பாகை என்றால் கனம் சுமார் 87 மீட்டர். 10 பாகை என்றால் சுமார் 174 மீட்டர். தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும், பள்ளிக்கூட முக்கோணவியல்தான். கிணறு தோண்டாமல், மலை ஏறாமல், நடந்தே ஒரு பாறையின் கனத்தைச் சொல்ல முடிகிறது என்பது முதல் தடவை செய்யும்போது உண்மையிலேயே மெய்சிலிர்க்கும்.

டிரிச்சினாபலி தொகுதி: காணாமல் போன காலம்

கொளக்காநத்தம் தாண்டிக் கிழக்கே போனால் களி குறைந்து மணற்கல் வரும். அடியில் சில இடங்களில் கூழாங்கற்கள் கலந்த கரடுமுரடான அடுக்கு, கடும்பாறைத் துண்டுகளோடு. ஆழ்கடல் களிமேல் திடீரென்று கூழாங்கல் வந்து உட்கார்ந்தால், நடுவே ஏதோ நடந்திருக்கிறது. நிலம் உயர்ந்தது, கடல் ஒதுங்கியது, கொஞ்சம் அரிப்பு நடந்தது, அப்புறம் மறுபடி படிவு. அந்த எல்லைக்கோட்டில் ஒரு காலப்பகுதியே பாறையில் இல்லை. நோட்டில் இப்படிப்பட்ட எல்லையை நேர்க்கோடாகப் போடாமல் நெளிகோடாகப் போடுங்கள், அதுதான் வழக்கம்.

கருடமங்கலம் பக்கம் கருஞ்சாம்பல் கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பியும் நத்தையும் நெருங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் உண்டு. தேய்த்து மெருகேற்றினால் மிக அழகாக இருக்கும், 'திருச்சி மார்பிள்' என்ற பெயரில் அலங்காரக் கல்லாகப் பேர் பெற்றது. புவியியல்படி அது மார்பிள் அல்ல, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறாத சாதாரணப் படிவுப்பாறை, மாறியிருந்தால் அந்தச் சிப்பிகள் இவ்வளவு தெளிவாக மிஞ்சியிருக்காது.

சாத்தனூர் கல்மரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், 18 மீட்டர் நீள அடிமரம், 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. பூக்கும் தாவரம் அல்ல, ஊசியிலை மர வகை. ஆறு அடித்து வந்து கடலோர மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையிலும் சிலிக்கா புகுந்து கல்லானது. வேலிக்குள் மரத்தை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுற்றியுள்ள பாறையைப் பாருங்கள். அந்த மரத்துக்கு 12 கோடி வயது என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது கிடக்கும் டிரிச்சினாபலி தொகுதியோ 9 கோடியை ஒட்டியது. வயதை அடுக்கிடம் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அரியலூர் தொகுதி: சிப்பிக்கரையிலிருந்து ஆற்றுமண் வரை

சில்லக்குடி மணற்கல்லை வேகமாகக் கடந்துவிடலாம், அங்கே வெளியே தெரியும் இடங்கள் குறைவு. கல்லங்குறிச்சிதான் முக்கியம். கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ள அதே கல்லங்குறிச்சி. இங்கே சுண்ணாம்புக்கல் அடுக்கில் தடித்த ஓட்டுச் சிப்பிகள் குவியல் குவியலாக இருக்கும், சில பட்டைகளில் சிப்பியைத் தவிர வேறொன்றும் இல்லையோ என்று தோன்றும். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கு இந்த அடுக்கு ஒரு பெரிய காரணம். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சிமென்ட் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பி என்று சொன்னால் அது மிகையல்ல.

அடுக்குகளை மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் சுரங்கச் சுவரைப்போல வேறிடம் இல்லை. ஆனால் அனுமதி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். ஆலை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, கல்லூரி மூலமாகவோ குழுவாகவோ போவதுதான் வழி. கைவிடப்பட்ட குழிகள் இன்னும் ஆபத்து, நீர் நிறைந்து ஆழம் தெரியாமல் இருக்கும், மேல் விளிம்பு உள்ளே குடைந்திருக்கும். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, எதிர்ப்பக்கச் சுவரைப் பைனாகுலரில் பாருங்கள்.

சிப்பி ஓடுகளை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். இரண்டு ஓடும் சேர்ந்தே இருக்கின்றனவா, பிரிந்து கிடக்கின்றனவா? சேர்ந்திருந்தால் வாழ்ந்த இடத்திலேயே புதைந்திருக்கலாம். பிரிந்து, உடைந்து, பெரும்பாலான ஓடுகளின் குவிந்த முதுகு மேலே பார்த்துக் கிடந்தால் நீரோட்டம் புரட்டியிருக்கிறது. ஒரு பட்டையில் 50 ஓடுகளை எண்ணிப் பாருங்கள், யூகத்தைவிட எண்ணிக்கை நம்பகமானது.

ஓட்டக்கோவில் மணற்கல்லைத் தாண்டினால் கல்லமேடு அடுக்கு. கடல் போய்விட்டது. ஆற்று மணலும் களியும்தான். சிப்பி இல்லை, அம்மோனைட் இல்லை, அதற்குப் பதிலாக டைனோசர், ஆமை, முதலை எலும்புகள். 1980களில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட ராட்சத டைனோசரின் எலும்புகள் இங்கிருந்துதான் கிடைத்தன. உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கப்படுகிறது, ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப் போய்விட்டன. ஈரம் பட்டால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களியில் எலும்பு அப்படித்தான் நொறுங்கும். எனவே இந்தப் பகுதியில் துளைத்துளையான கடற்பஞ்சு மாதிரி உள்ளமைப்புள்ள கல் எதையாவது பார்த்தால் தோண்டவே தோண்டாதீர்கள். படம், கைபேசியில் இடக்குறியீடு, எந்தப் பட்டை என்ற குறிப்பு, பக்கத்தில் அளவுகோலுக்கு ஒரு பேனா. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறைக்கோ தெரியப்படுத்துங்கள். முறையாகப் பிசின் பூசி, சாந்துக்கட்டுப் போட்டு எடுக்கத் தெரிந்தவர்கள் எடுக்கட்டும்.

கிழக்கே நின்னியூரில் மறுபடி கடல் வருகிறது, சுண்ணாம்புக்கல்லோடு. ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. கல்லமேட்டுக்கும் நின்னியூருக்கும் நடுவே எங்கோதான் அந்த 6.6 கோடி ஆண்டுக் கோடு ஓடுகிறது. வயலும் கருவேலமும் நிற்கிற நிலம், ஒன்றும் தெரியாது. இருந்தாலும் ஒரு முறை நடந்து பாருங்கள்.

அதையும் தாண்டினால் செம்மண்ணும் முந்திரிக் காடும் தொடங்கிவிடும், அது கடலூர் மணற்கல். இப்படி மண்ணையும் பயிரையும் பார்த்தே அடுக்கை ஊகிக்கப் பழகிக்கொள்ளலாம்: காரைக் களிமேல் கரிசல், கடலூர் மணற்கல்மேல் முந்திரி. இந்தப் பக்கத்தில் கட்டடத்துக்கு ஆகும் கடும்பாறை கிடையாது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்க்கும்போது அத்தனை கல்லையும் வெளியிலிருந்துதான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து செய்யவேண்டியது

அன்று இரவே நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் செங்குத்தாக ஒரு தூண் வரையுங்கள். 1 மீட்டர் பாறைக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஓடைக்கரை ஒன்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு பட்டையையும் போடுங்கள், களியைக் கோடுகளாலும் மணலைப் புள்ளிகளாலும் சுண்ணாம்பைச் செங்கல் கட்டங்களாலும் காட்டுவது உலக வழக்கம். துகள் பெரிதானால் பட்டையை வலப்பக்கம் அகலமாக நீட்டுங்கள். வரைந்து முடித்ததும் தூணின் வலது விளிம்பைப் பார்த்தாலே நீர் எப்போது அமைதியாக இருந்தது, எப்போது வேகம் பிடித்தது என்பது தெரிய வரும். மணல் தட்டுப்பட்ட இடமெல்லாம் ஆழம் குறைந்தது என்று உடனே முடிவு கட்டவேண்டாம், புயலோ சரிவோ ஆழத்துக்கும் மணலைக் கொண்டுபோய்க் கொட்டும்.

அருங்காட்சியகத்துக்குக் களம் பார்த்த பிறகு போங்கள் என்பது என் கருத்து. முதலிலேயே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் முழு உருவங்களைத் தேடிக்கொண்டு களத்துக்குப் போவீர்கள், துண்டுகள் கண்ணில் படாது. களத்தில் வரைந்த படங்களோடு போனால், எதற்கு என்ன பெயர் என்று அங்கேயே பொருத்திக்கொள்ளலாம்.

அடுத்த முறை போகும்போது முதலில் வரைந்த ஓடைக்கு வடக்கே இன்னொரு ஓடையைத் தேர்ந்தெடுத்து அங்கேயும் ஒரு தூண் வரையுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெலம்னைட் நிறைந்த பட்டை, பாஸ்பேட் உருண்டைப் பட்டை, கூழாங்கல் எல்லை என்று இரண்டிலும் வரும் அடையாளங்களைக் கோடு போட்டு இணையுங்கள். ஜிப்சத்தை வைத்து இணைக்காதீர்கள், ஏன் என்று மேலேயே பார்த்தோம். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் ஏதோ ஓர் அடையாளம் தவறு என்று அர்த்தம், பெரும்பாலும் அது 'தளர்ந்தது' என்று எழுத மறந்த கல்லாக இருக்கும். ஒரு பட்டை ஒரு ஓடையில் 2 மீட்டர், மற்றதில் அரை மீட்டர் என்று வந்தால் பதற வேண்டாம், கடலடி எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கவில்லை. எந்தப் பக்கம் மெலிகிறது என்பதை அம்புக்குறி போட்டு எழுதிவையுங்கள், மூன்றாவது ஓடையை எந்தத் திசையில் தேடவேண்டும் என்பது அதிலிருந்து தெரியும்.